ஜீனோவும் எங்கள் அக்காவின் கைரேகையும்

கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்திய வாத்தியார்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பெரியக்கா காந்திபுரம் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கியிருந்தார். மழை விடவே இல்லை. பொழுது போகட்டும் என்று பேரன் அவன் போனில் 'என் இனிய இயந்திரா' பழைய தொடரைத் தேடி, டிவியில் போட்டுவிட்டான். சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை அது. பிறகு தூர்தர்ஷனில் வந்தது. 1993-ல் சன் டிவி வருவதற்கு முன்பு நமக்கெல்லாம் தூர்தர்ஷன் ஒன்றுதான் கதி. உங்களில் சிலர் மறுநாள் வகுப்பில் "ஜீனோ, ஜீனோ" என்று ஒருவரையொருவர் கூப்பிட்டு என்னிடம் திட்டு வாங்கியது எனக்கு நினைவிருக்கிறது.

பார்க்காத இளையவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். எண்பதுகளில் எழுதப்பட்ட கதை, நடப்பதோ 2021-ல். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பெயருக்கு இரண்டு எழுத்துக்கு மேல் கிடையாது: நிலா, சிபி, ரவி, மனோ. குழந்தை பெற அரசாங்க அனுமதி வேண்டும். வயதாகிவிட்டால் உயிரோடு இருக்கவே அனுமதி இல்லை. நிலாவின் கணவன் சிபி ஒருநாள் காணாமல் போகிறான். அவனைத் தேடி அலையும் நிலாவுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய். அது பேசும், புத்தகம் படிக்கும், தானாக யோசிக்கும்.

அன்று இதை நாங்கள் வெறும் கற்பனையாகப் பார்க்கவில்லை. எமர்ஜென்சி முடிந்து ரொம்ப காலம் ஆகியிருக்கவில்லை. 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்தார்கள், பல இடங்களில் வற்புறுத்தி. பக்கத்து நாடான சீனா 1980-ல் ஒரே குழந்தைக் கொள்கையைக் கொண்டுவந்தது. அனுமதி வாங்கிப் பிள்ளை பெறுவது என்பது எங்களுக்குப் பேப்பரில் படித்த செய்திதான்.

இந்த முறை பார்க்கும்போது எனக்கு வேறொன்று உறைத்தது. கதை நடக்கும் வருஷமே கடந்துபோய்விட்டது. அந்த நாட்டின் கணக்குப்படி நானும் அக்காவும் இருக்கவே கூடாதவர்கள். இதைச் சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. நிலா அங்குமிங்கும் அலைவதைப் பார்த்துக்கொண்டே, "பாவம், அந்தப் புள்ளையும் எம்மாதிரி அலையுது. மிசினு இல்லைன்னு சொல்லிப்போட்டா அப்புறம் யாருகிட்டப் போயிச் சொல்றது தம்பி?" என்றார்.

என்னவென்று துருவிக் கேட்டேன். ஏழு மாதமாக அவருக்கு மில் பென்ஷன் வரவில்லை.

அக்கா பதினெட்டு வயதில் மில்லுக்குப் போனவர். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையைச் சுற்றிப் பெருகிய மில்கள் நம்மில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன, எங்களுக்கும்தான். அக்காவுக்குக் கோன் வைண்டிங்கில் வேலை. அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போட வேண்டும், நாள் முழுக்க. நான் பி.எட். படித்தது அந்த முடிச்சுகளில்தான். 1995-ல் வந்த திட்டத்தில் அவருக்கு ஒரு பென்ஷன். 2014-ல்தான் அதற்குக் குறைந்தபட்சம் மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆக்கினார்கள். அக்காவுக்கு அதைவிடச் சற்றுக் கூட வரும்.

அந்தப் பணத்துக்கு வருஷம் ஒருமுறை உயிர்ச்சான்று தர வேண்டும். 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்று அதைக் கணினிமயமாக்கினார்கள். ஆதாரோடு கைரேகை பொருந்தினால் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். வயதானால் கைரேகை மங்கும். நூல் தேய்த்த விரலில் என்ன மிஞ்சியிருக்கும்? மூன்று முறை போயிருக்கிறார். "விழுகலைங்க பாட்டி, சிஸ்டம் எடுக்கலை, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லையாம். டீகூட வாங்கிக் கொடுத்தார்களாம்.

இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் உங்களுக்கு ஹிட்லர், முசோலினி என்று நடத்தினேன். பாடப் புத்தகத்துச் சர்வாதிகாரிகளுக்கெல்லாம் முகம் இருந்தது. சுஜாதாவின் கதையில், ஜீவா என்று ஒரு ஆளே இல்லை, அது ஒளியால் காட்டப்படும் பிம்பம் என்று கடைசியில் தெரியவரும். அன்று அதை ஒரு நல்ல திருப்பம் என்று மட்டும் நினைத்தேன். அக்காவின் பணத்தை நிறுத்தியது யார் என்று தேடிப் போனபோதுதான் அது புரிந்தது. நிறுத்தியவர் என்று கைகாட்ட ஒருவரும் இல்லை. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் திரையைக் காட்டினார்கள்.

இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சுஜாதாவும் அப்படிச் சொன்னவரல்ல. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, நாம் ஓட்டுப் போடும் மின்னணு எந்திரத்தை உருவாக்குவதில் பெரிய பங்காற்றியவர் அவர். அவர் கதையிலேயே நிலாவைக் கைவிடாதது ஒரு இயந்திரம்தானே. முகத்தைப் படம் பிடித்து உயிர்ச்சான்று தரும் வசதி 2021 நவம்பரில் வந்தது. கதை நடக்கும் அதே வருஷம், பாருங்கள். பேரன் அந்தச் செயலியைத் தன் போனில் இறக்கி, அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்து, நாலாவது தடவையில் எடுத்துவிட்டான். அடுத்த சில வாரங்களில் நிலுவையும் சேர்ந்து வந்துவிட்டது. இப்படி ஒரு வசதி இருப்பதை அதுவரை அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது. என் விரல் ஒழுங்காகப் பதிகிறது, அதனால் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை.

"ஏனுங்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "நீ கேக்கவே இல்லையே சாமி" என்றார்.

ஏழு மாதத்தில் வாரம் ஒருமுறையாவது போனில் பேசியிருப்பேன். சாப்பிட்டாச்சா, மழை பெய்ததா என்று கேட்டிருக்கிறேன். இதைக் கேட்கவில்லை.

கண்ணுகளா, உங்கள் வீட்டில், தெருவில், மில் வேலை பார்த்தவர்கள், களை எடுத்தவர்கள், பாத்திரம் தேய்த்தவர்கள் இருப்பார்கள். பென்ஷன் ஒழுங்காக வருகிறதா, ரேஷன் கடையில் ரேகை விழுகிறதா என்று இந்த வாரம் ஒரு தடவை கேளுங்கள். கேட்டுவிட்டு உங்கள் போனை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். ஜீனோ செய்தது அவ்வளவுதான்.

என்றும் உங்கள்
பழைய வரலாற்று வாத்தியார்