மசூலாப் படகும் சென்னைக் கரையும்
1639-இல் கும்பினியார் கோட்டை கட்டுவதற்கென்று பெற்ற நிலத்துக்கு முன்னால், கப்பல் ஒதுங்க ஒரு வளைகுடாவோ மணல் மூடாத ஆற்று முகமோ இல்லாமையால், தூரத்தே நங்கூரமிட்ட கப்பல்களினின்று பிரயாணிகளையும் சரக்குகளையும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகளே. ஆணி அறையாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து இணைத்த அவை, அலை மோதுகையில் முறியாமல் நெகிழ்ந்து கொடுக்கும். எந்த இடத்தில், எந்த க்ஷணத்தில் படகை இறக்குவது என்பதை, அலைகள் உடையும் வரிசையைக் கண்ணால் அளந்தே படகோட்டிகள் நிச்சயிப்பர்; கவிழ்ந்தவரை மீட்கக் கட்டுமரங்களும் உடன் செல்லும். கூலிக்காக அவர்கள் அலை நடுவே பேரம் பேசியதாகத் துரைமார் குறைப்பட்டதுண்டு. உயிரைப் பணயம் வைத்தவன் பேரம் பேசியதில் எனக்கு ஆச்சரியமில்லை. துறைமுகச் சுவர்கள் எழும்பி, 1881-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மறுபடியும் எழுந்த பிறகே அத்தொழில் க்ஷீணித்தது.