கயிறும் கிளுவையும்: கொங்கு நாட்டில் மாடு பேணிய மரபு

காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களின் மானாவாரி நிலங்களில் சில உருப்படிகளையே வைத்திருந்த குடியானவர்கள், மாட்டை அடக்கவும் நிறுத்தவும் காசு கொடுத்து வாங்கிய பொருள்கள் மிகக் குறைவு. புளிச்சை நாரிலும் கற்றாழை நாரிலும் தாமே திரித்துக்கொண்ட கயிறுகளே அவர்களுக்குப் பெரும்பாலும் போதுமானவையாக இருந்தன. மூக்கின் இடைத்தண்டைத் துளைத்துக் கோக்கப்படும் மூக்கணாங்கயிறு முரட்டுக் காளையையும் ஒரு சிறுவனின் கைக்குள் அடக்கியது. கறக்கும்போது பசு உதைக்காதபடி பின்னங்கால்களைப் பிணைக்கும் கயிறு அணைகயிறு எனப்பட்டது.

எனினும் இம்மரபின் சாதனை கயிறன்று, வேலியே எனல் வேண்டும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் சேர்ந்து வளரும் தனியார் மேய்ச்சல் நிலமாகிய கொறங்காட்டைச் சுற்றி முள்கிளுவைப் போத்துகளை நட்டு உயிர்வேலியாக்கிவிட்டால், கம்பிக்கும் கல்லுக்கும் செலவில்லை, மேய்ப்பவருக்குக் கூலியும் இல்லை; வாயிலைப் படலால் அடைத்துவிட்டு உழவர் வேறு வேலை பார்க்கலாம்.

வேலி தாண்டிப் பிறர் பயிரை மேய்ந்த மாடோ, 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பவுண்டு அல்லது கொண்டித்தொழு எனப்பட்ட அடைப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டு, தண்டமும் தீவனச் செலவும் செலுத்தப்பட்ட பின்னரே உடையவரிடம் திரும்பியது.

தடுப்பூசியும் சினை ஊசியும் பரவிய பின், மாட்டை அசையாமல் நிறுத்தும் இரும்புக் குழாய்ச் சட்டம் கால்நடை மருந்தகங்களின் முற்றத்தில் இடம்பெற்றது. ஊருக்கே பொதுவான அதனைச் சிறு வளர்ப்போர் தனியே வாங்க நேரவில்லை.