அட்டையில் ஏறாத ஆட்டக்காரர்கள்



ஆண்டிறுதியில் பாடங்கள் முடிந்து, விடுமுறைக்குச் சில நாள்களே எஞ்சியிருக்கும் வேளையில் ஆறாம் ஆண்டு மாணவர்களை வகுப்பில் அமர்த்தி வைப்பது எத்துணைக் கடினம் என்பதை ஆசிரியர்கள் அறிவீர்கள். அப்படியொரு வாரத்தில் நான் நடத்திய விளையாட்டு ஒன்று என்னை எங்கெங்கோ இழுத்துச் சென்றது. அதைத்தான் இங்கே எழுத முனைகின்றேன்.

விளையாட்டு இதுதான். வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்தேன். மலேசியக் காற்பந்து வரலாற்றிலிருந்து, காலம் எதுவாயினும் சரி, ஆளுக்கொரு முறை ஓர் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்துத் தங்கள் குழுவை அமைக்க வேண்டும். ஒரு குழு எடுத்தவரை மற்றொரு குழு எடுக்க இயலாது. முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர்கள் இரண்டாம் சுற்றில் முதலில் எடுப்பார்கள். பிறகு ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதி, பகடை உருட்டிப் போட்டி நடத்த வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்திற்கு இத்தகைய அட்டை விளையாட்டுகள் நெடுங்காலமாக உள்ளன. நம் பள்ளிகளில் ஆடப்படும் மென்பந்தின் மூத்த உடன்பிறப்பு என்று பேஸ்பாலைக் கருதிக்கொள்ளுங்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஹால் ரிச்மன் என்னும் சிறுவன் 1948-இல், தன் பதினோராம் அகவையில், பகடையை ஆயிரக்கணக்கான முறை உருட்டி, எந்த எண் எத்தனை முறை விழுகிறது என்று எழுதி வைத்தான். அந்தக் கணக்கின்மேல் அமைந்ததுதான் 1961-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' விளையாட்டு. மூன்று பகடைகள். ஒன்று, பந்தடிப்பவரின் அட்டையைப் பார்ப்பதா, பந்து வீசுபவரின் அட்டையைப் பார்ப்பதா என்று சொல்லும். மற்ற இரண்டின் கூட்டுத்தொகை விளைவைச் சொல்லும். இரு பகடைகள் 36 வகையாக விழலாம். அவற்றுள் 7 வருவதற்கு ஆறு வழி, 2 வருவதற்கு ஒரே வழி. சிறந்த ஆட்டக்காரரின் அட்டையில் 7-க்கு நேராக நல்ல அடி இருக்கும். எளியவரின் அட்டையில் அது 2-க்கோ 12-க்கோ ஒதுங்கியிருக்கும். (கணித ஆசிரியர்கள் இதை ஒருமுறை வகுப்பில் செய்து பார்க்கலாம். நிகழ்தகவு என்ற சொல்லைச் சொல்லாமலேயே பிள்ளைகளுக்கு அது புரிந்துவிடும்.)

இவ்வாறு 1920-களில் ஆடிய பேப் ரூத்தும் அவருக்குப் பல பத்தாண்டுகள் பின்னே பிறந்த ஒருவரும் ஒரே மேசையில் மோதுவார்கள். இறந்தவர்களும் ஆடுவார்கள்! இதற்குத் தேவை ஒன்றே ஒன்று. அவர்கள் ஆடிய ஆட்டங்களை யாரேனும் எண்ணி எழுதி வைத்திருக்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் முதல் தேர்வு, நீங்கள் எண்ணியது போலவே, மொக்தார் டஹாரி. அடுத்து சோ சின் ஆன். மூன்றாவது குழு கொஞ்சமும் தயங்காமல் கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை எடுத்தது. 2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தில் முத்து எனும் கோல் காவலரைக் கண்ட பிள்ளைகளுக்கு, அந்தப் பாத்திரத்தின் பின்னால் 'ஸ்பைடர்மேன்' என்று புகழப்பட்ட நம் ஆறுமுகம் இருப்பது தெரிந்திருந்தது. 1980 ஏப்ரல் 6-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றும், ஆப்கானிஸ்தான் படையெடுப்பை ஒட்டிய புறக்கணிப்பால் போகாமலே நின்றுவிட்ட குழு அது. சந்தோக் சிங், ஜேம்ஸ் வோங், ஹசான் சானி, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரன் எனப் பட்டியல் நீண்டது. சண்டையும் நீண்டது.

சிக்கல் அட்டை எழுதும்போதுதான் வந்தது. மொக்தாருக்கு எளிது. நாட்டிற்காக 142 ஆட்டங்கள், 89 கோல்கள். வகுத்தால் விகிதம் கிடைத்துவிடும். சோ சின் ஆனுக்கு வந்தபோது ஒரு கணக்கு 250 ஆட்டங்களுக்கும் மேல் என்றது, இன்னொன்று 200-க்கும் குறைவு என்றது. எந்த ஆட்டத்தை முழுமையான பன்னாட்டு ஆட்டமாகக் கொள்வது என்பதில் வேறுபாடு. ஆறுமுகத்திற்கு வந்தபோது மாணவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர் எத்தனை பந்துகளைத் தடுத்தார்? எத்தனை பெனால்டிகளை முறியடித்தார்? அந்நாளைய செய்தியாளர்கள் கோல் போட்டவரின் பெயரைத் தவறாமல் எழுதினார்கள். போடவிடாதவரின் செயலை எண்ணவில்லை. 1988-இல் சாலை விபத்தில் மறைந்த அம்மனிதருக்கு நாடே அறிந்த புனைபெயர் உண்டு, அட்டையில் எழுத எண் இல்லை.

இதை ஓட்டப்பந்தயத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டாக்டர் எம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடிகளில் ஓடினார். அந்த எண் 49 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது. 2017-இல் அதை 20.90 வினாடிகளில் முறியடித்த கைருல் ஹாபிஸ் ஜந்தான் நம் மலாக்காக்காரர். அரை நூற்றாண்டு இடைவெளியில் இருவரும் ஒரே தடத்தில் ஓடினார்கள் என்றே சொல்லலாம். அங்கே ஒரு கடிகாரம் இருந்தது.

அப்போது ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், எங்க தாத்தாவும் எஸ்டேட் டீம்ல கோல் கீப்பர்தான். அவருக்கு அட்டை போடலாமா?"

எனக்கு உடனே விடை வரவில்லை. காரணம் உண்டு. என் தந்தையாரும் ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் குழுவில் ஆடியவர். காலையில் பால்மரம் வெட்டி, பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, மாலையில் லயத்துக்குப் பின்னாலிருந்த திடலில் வெறுங்காலோடு ஆடியவர்கள் அவர்கள். ஆட்டக் கணக்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்களாம். தோட்டம் கைமாறியபோது அலுவலகத்துப் பழைய தாள்களோடு அதுவும் எரிந்து போயிற்று என்று அப்பா சொல்வார். வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரு நிழற்படம். பதினோரு இளைஞர்கள். மூவரின் பெயர் மட்டுமே எனக்குத் தெரியும்.

இவ்விடத்தில் மீண்டும் அமெரிக்காவிற்குச் செல்ல வேண்டியுள்ளது, பொறுத்தருள்க. அந்த நாட்டிலும் அட்டை கிடைக்காத ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் களமிறங்கும் வரை, இருபதாம் நூற்றாண்டின் பெரும் லீக்குகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அவர்கள் தனியே லீக்குகள் நடத்தினார்கள். அங்கே ஆடிய ஜோஷ் கிப்சன் என்பவரைப் பற்றிக் கதைகள் ஏராளம். 800-ஐ ஒட்டிய 'ஹோம் ரன்' அடித்தார் என்பார்கள். ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதங்கள் முன்பு, 35 வயதில் அவர் இறந்துபோனார். கதைகள் இருந்தன, அட்டவணை இல்லை. ஆகவே, பகடை மேசையிலும் அவருக்கு நெடுங்காலம் உரிய இடமில்லை.

ஆனால் 'பிட்ஸ்பர்க் கூரியர்', 'சிகாகோ டிஃபெண்டர்' போன்ற கறுப்பினத்தவர் வார இதழ்கள் ஆட்ட விவரங்களைக் கட்டம் போட்டு வெளியிட்டிருந்தன. லாரி லெஸ்டர் போன்ற ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் அந்த மங்கிய தாள்களைப் புரட்டி, ஆட்டம் ஆட்டமாகச் சேர்த்தார்கள். 2009-இல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் நிறுவனம் அந்த லீக்குகளைச் சேர்ந்த 103 பேருக்கு அட்டைகள் வெளியிட்டது. 2020 டிசம்பரில் பேஸ்பால் நிருவாகம், 1920 முதல் 1948 வரையிலான அந்த லீக்குகளும் பெரும் லீக்குகளே என்று அறிவித்தது. 2024 மே மாதத்தில் 2,300-க்கும் மேற்பட்டோரின் எண்கள் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அன்று கிப்சனின் அடிவிகிதம் .372 என்று பதிவாகி, நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை காப் என்பவரின் .367-ஐத் தாண்டியது!

எனக்கு இதில் பிடித்த செய்தி வேறு. அதே பதிவேட்டில் கிப்சனின் ஹோம் ரன்கள் 200-ஐக்கூட எட்டவில்லை. ஊர் ஊராகச் சென்று ஆடிய காட்சி ஆட்டங்கள் கணக்கில் சேரா. தாள் கிடைக்காத ஆட்டங்களும் சேரா. எண் அவரை ஓரிடத்தில் உயர்த்தியது, ஓரிடத்தில் குறைத்தது. தேடியவர்கள் இரண்டையும் அப்படியே எழுதினார்கள். நம் தாத்தாக்களின் பெருமையைப் பேசும்போது இந்த நேர்மை நமக்கும் வேண்டும் என்பது என் கருத்து. "அந்தக் காலத்தில் எங்களை யாராலும் வெல்ல முடியாது" என்பதைக் கேட்டு மகிழலாம், அட்டையில் எழுத முடியாது.

சரி, நமக்குத் தாள்கள் உண்டா? ஓரளவு உண்டு. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுவிட்டது. 'தமிழ் முரசு', 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' இதழ்களின் பழைய பிரதிகளைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் தேடிப் படிக்கும்படி வைத்திருக்கிறது. நம் ஊரிலிருந்து வெளிவந்த 'மலாக்கா கார்டியன்' இதழும் அங்குண்டு. பாச்சாங்கில் என் வீட்டில் அமர்ந்தபடி சில இரவுகள் தேடினேன். தோட்டத்துக் குழுக்களின் ஆட்டம் இரண்டு வரிகளில் வந்திருக்கும். வென்ற தோட்டம், கோல் எண்ணிக்கை, அவ்வளவுதான். ஆடியவர்களின் பெயர் அரிது. தோட்டத்திற்குப் பெயர் உண்டு, ஆளுக்கு இல்லை.

ஆகவே, விடுமுறைக்கு முன் மாணவர்களுக்கு வேறொரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஐந்து கேள்விகள்: எந்தத் தோட்டம், எந்த ஆண்டுகள், எந்த இடத்தில் ஆடினீர்கள், உடன் ஆடியவர்கள் யார், மறக்க முடியாத ஓர் ஆட்டத்தின் முடிவு என்ன. விடை தெரியாவிட்டால் கோடிட்டு விட வேண்டும், கற்பனை கூடாது. 27 மாணவர்களில் 9 பேர் தாள்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் கோடுகளே. ஒரு தாத்தா மட்டும் உடன் ஆடிய எட்டுப் பேரின் பெயரையும் அவரவர் நின்ற இடத்தையும் வரிசையாகச் சொல்லியிருந்தார்.

என் தந்தையாரின் படத்தைக் கைப்பேசியில் எடுத்து அம்மாணவனிடம் அனுப்பினேன். மறுநாள் பின்வரிசையில் இருவரின் பெயர் கிடைத்தது. இப்போது ஐவர். மீதி ஆறு பேர் நிற்கிறார்கள்.

உங்கள் வீட்டில் இத்தகைய படம் இருந்தால் இந்த வாரமே எடுத்து, தெரிந்தவர்களைக் கேட்டு, பின்புறத்தில் பெயர்களை எழுதுங்கள். பென்சிலால் எழுதுவது நல்லது. பேனா மை படத்தின் முன்புறம் ஊறிவிடும்.