ஆம்ப்ளிபையர் ஐ.சி. மின்காப்பு

ஆம்ப்ளிபையர் ஐ.சி. மின்காப்பு என்பது, ஒலிக்கருவிகளைத் தாமே வீட்டில் அமைத்துக்கொள்வோர், ஆம்ப்ளிபையர் ஐ.சி.யின் உலோக முதுகுக்கும் அதன் உஷ்ணத்தை வாங்கிக் காற்றில் கலக்கும் ஹீட் சிங்க் என்னும் அலுமினியத் தகட்டுக்கும் இடையே, உஷ்ணம் கடந்து செல்லவும் மின்சாரம் கடவாதிருக்கவும் மெல்லிய தடுப்பொன்றை வைத்துப் பொருத்தும் முறையாகும்.

அவசியம்: எல்.எம்.3886, எல்.எம்.1875, டி.டி.ஏ.2030, டி.டி.ஏ.7294 ஆகிய ஐ.சி.களில் முதுகுத் தகடு உள்ளே நெகடிவ் சப்ளையோடு இணைந்திருக்கிறது. ஆகையால், பாசிடிவ் 28, நெகடிவ் 28 வோல்ட் என்ற இரட்டைச் சப்ளையில் இயங்கும் எல்.எம்.3886-ஐக் காப்பின்றி முடுக்கினால், ஹீட் சிங்க் முழுவதுமே கிரவுண்டைவிட 28 வோல்ட் தாழ்ந்த நிலையை அடைந்து, எர்த் இணைப்புள்ள பெட்டியைத் தொட்ட கணத்தில் ஷார்ட் சர்க்கியூட் நேர்ந்து, பியூஸ் மட்டுமன்றி ரெக்டிபையர் டயோடுகளும் அழிய ஏதுவாகும். ஒற்றைச் சப்ளையில் இயங்கும் டி.டி.ஏ.2030-இன் தகடு கிரவுண்டோடு சேர்ந்திருப்பதால் அதற்குக் காப்பு வேண்டுவதில்லை. முதுகும் பிளாஸ்டிக்கால் மூடப்பெற்ற எல்.எம்.3886 டி.எப். வகைக்கும் தனிக் காப்பு தேவையில்லையெனினும், அதன் உள் உஷ்ணத்தடை, உலோக முதுகுள்ள வகையைப் போல வாட்டுக்கு 1 டிகிரியாக இராமல், 2 டிகிரியாக இருக்கிறது.

தத்துவம்: உலோகங்களில் மின்சாரத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான்களே உஷ்ணத்தையும் பெரும்பாலும் சுமந்து செல்வதால், மின்சாரத்தைத் தடுக்கும் பொருள்களுள் மிகப்பல உஷ்ணத்தையும் தடுப்பனவாகவே அமைகின்றன. உஷ்ணத்தைக் கடத்துதல், மின்சாரத்தைத் தடுத்தல் என்னும் இவ்விரண்டு தேவைகளையும் இணக்குவிப்பது, காப்பின் மெல்லிய தன்மையும், பரப்புகள் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்தியிருப்பதுமேயாம்.

பொருள்கள்: அப்பிரகம் எனப்படும் மைக்கா, நெல்லூரிலும் கோடர்மாவிலும் சுரங்கங்களிலிருந்து எடுக்கப்பெற்று, ஏடு ஏடாகப் பிரியும் இயல்பால் 0.05 மி.மீ. கனத்திலும் சில ஆயிரம் வோல்ட்டுகளைத் தாங்குவதாகையால், நெடுங்காலமாகப் பிரதான ஸ்தானம் பெற்றிருக்கிறது. காப்டன் போன்ற பாலிஇமைடு படலம் மைக்காவைவிடக் குறைவாக உஷ்ணத்தைக் கடத்துவதாயினும் அதனினும் மெல்லியதாகக் கிடைக்கும். சிலிக்கோன் ரப்பர் பட்டைகளுக்கு, மைக்காவுக்குத் தடவும் உஷ்ணங்கடத்தும் பேஸ்ட் வேண்டுவதில்லை. அலுமினா பீங்கான் தகடு, 1 மி.மீ. கனமிருந்தும், கடத்துந்திறன் மிகுதியால் மைக்காவுக்கு ஈடு கொடுக்கும். பெரிலியம் ஆக்ஸைடு அதனினும் சிறந்ததாயினும், அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சாதலின், அதனை அராவுதலும் உடைத்தலும் கூடா.

பொருத்தும் முறை: ஹீட் சிங்கில் துளையிட்டபின் அதன் விளிம்பில் எழும் பிசிறை முற்றிலும் நீக்காவிடில், திருகு இறுகும்போது அப்பிசிறே மைக்காவைத் துளைத்துவிடும். மைக்காவின் இருபுறத்திலும் பேஸ்டைப் பரப்புகளின் நுண்ணிய பள்ளங்களில் தங்கிய காற்றை வெளியேற்றும் அளவுக்கு மட்டுமே மெல்லியதாகத் தடவவேண்டும். திருகின் வழியாக மின்சாரம் பாயாதிருக்க, தோள் வைத்த பிளாஸ்டிக் புஷ்ஷை ஐ.சி.யின் துளையில் இடுவது இன்றியமையாதது. ஹீட் சிங்கின்மேல் உள்ள அனோடைஸ் பூச்சு காப்பேயாயினும், ஒரு கீறலிலேயே பயனற்றுப் போவதால், அதனை நம்பி மைக்காவை விடுதல் தகாது.

கணக்கு: உஷ்ணத்தடையை, ஐ.சி.க்குள் வாட்டுக்கு 1 டிகிரி, பேஸ்ட் இட்ட மைக்காவில் 0.5, ஹீட் சிங்கில் 1.5 எனக் கொண்டால், மொத்தம் 3 ஆகி, 35 டிகிரி அறையில் 30 வாட் உஷ்ணத்தை வெளியிடும், ஐ.சி.க்குள் இருக்கும் சில்லு 125 டிகிரியை எட்டும். பேஸ்ட் இன்றி மைக்காவின் தடை 1.5 ஆயின், அதே சில்லு 155 டிகிரியை அடைந்து, அதற்கு விதிக்கப்பட்ட 150 டிகிரி எல்லையைக் கடந்துவிடும். ஐ.சி.க்குள் பாதுகாப்புச் சுற்று அமைந்திருப்பினும், காப்பில் காட்டும் அசிரத்தைக்கு அதனைப் பரிகாரமாகக் கருதலாகாது.

சோதனை: சப்ளை கொடுப்பதற்கு முன்னரே, மல்டிமீட்டரால் ஐ.சி.யின் உலோக முதுகுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே ஓம் அளந்து, தொடர்பு ஏதுமில்லையெனத் திருகை இறுக்கிய பின்னும் ஒருமுறை உறுதி செய்தல் வேண்டும். ஒரே நெகடிவ் சப்ளையில் இயங்கும் இரண்டு ஐ.சி.களைக் காப்பின்றி ஒரே ஹீட் சிங்கில் பொருத்தி, ஹீட் சிங்கையே பெட்டியிலிருந்து பிரித்து வைக்கும் வழி உஷ்ணத்துக்கு மிகவும் நல்லதாயினும், அப்பொழுது ஹீட் சிங்க் முழுவதும் மின்னழுத்தம் ஏறியிருப்பதால், கையும் கருவியும் அதனை எட்டாதபடி மூடிவைப்பது அமைப்பவரின் கடமையாகும்.