நகராத நகரும் இல்லம்

வீடு நிலத்தில் ஊன்றி நிற்பது. வண்டி நிலத்தின் மீது ஓடுவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பெருந்தொழிலாக வளர்த்த நாடு அமெரிக்கா. விடுமுறைக்குச் செல்வோர் 1920களில் தம் காரின் பின்னே இழுத்துச் சென்ற சிறு வண்டியே இவ்வில்லத்தின் மூதாதை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை தேடி அலைந்தோர் பலர் அதனையே உறைவிடமாக்கினர். இரண்டாம் உலகப் போரின்போது அரசாங்கமே அவ்வண்டிகளை வாங்கிப் போர்த்தளவாடத் தொழிலாளரைக் குடியமர்த்திற்று.

நெடுஞ்சாலைச் சட்டத்திற்கு இணங்க அவற்றின் அகலம் 8 அடிக்குள் அடங்கியது. அதனுள் நடைவழிக்கு இடமேது? ஓர் அறையைக் கடந்தே மற்றோர் அறைக்குச் செல்லவேண்டும். 1950களின் நடுவில் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த எல்மர் ஃபிரே 10 அடி அகல இல்லத்தைக் கட்டினார். நடைவழி கிடைத்தது, ஆயினும் அதனைக் காரால் இழுக்க இயலாது. நகர்வது அரிதான பின்னரே ‘நகரும் இல்லம்’ என்னும் பெயர் நிலைத்தது என்பது வேடிக்கையே!

இதனைக் கட்டும் முறையும் தனித்தன்மை வாய்ந்தது. அச்சும் சக்கரமும் பூட்டிய எஃகுச் சட்டமே இதன் முதுகெலும்பு. அதன்மேல் மரத்தளம் அமையும். நீர்க்குழாய்களும் வெப்பக் காற்றுக் குழல்களும் தளத்தின் அடியிலேயே பதிக்கப்படும். அதன்பின் சுவர்கள் நிறுத்தப்பட்டு, தனியே செய்த கூரை தூக்கி வைக்கப்படும். தொழிற்சாலைக் கூரையின்கீழ் நடைபெறுவதால் மழையால் வேலை தடைபடுவதில்லை, செலவும் குறைவு.

தொடக்கக் காலத்து இல்லங்கள் தீக்கும் புயலுக்கும் எளிதில் இரையாயின. 1974இல் நாடு முழுமைக்குமான சட்டம் இயற்றப்பட்டு, 1976 ஜூன் முதல் கட்டுமான விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் கட்டப்பட்டவற்றை எஃகுப் பட்டைகளால் நிலத்தோடு முறையாகப் பிணித்தால் ஆபத்து குறையும், ஆயினும் கடும்புயலின்போது அது முற்றிலும் நீங்காது.

எனினும், இங்கே குடியேறலாமா என்று எண்ணுவோர் சுவரைத் தட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. நிலம் யாருடையது என்று கேட்கவேண்டும். வீடு தமதாயினும் அது நிற்கும் மனைக்கு வாடகை செலுத்துவோர் பலர். இத்தகைய வீடு பெரும்பாலும் அசையும் பொருளாகவே கருதப்படுவதால், கடன் வட்டியும் மிகுதி. வாடகை உயர்ந்தால் பெயர்த்துச் செல்லலாமே எனின், அதற்காகும் செலவு ஏழையால் தாங்கவொண்ணாதது. சக்கரம் இருந்தும் பயனில்லை.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மெரெடித் என்னும் ஊரில் இவ்வாறு குடியிருந்தோர் 1984இல் கூட்டுறவாக ஒன்றுசேர்ந்து, கடன் பெற்று, தாம் வாழ்ந்த நிலத்தையே விலைக்கு வாங்கினர். அம்மாநிலத்தின் பிற குடியிருப்புகள் பலவும் பின்னர் அவ்வழியே சென்றன.