ஆண்டர்சன் மறுத்த தனி பெஞ்சு

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு ஆண்டர்சன் பள்ளி தெரியும். அந்தப் பெயருக்குரிய ஜான் ஆண்டர்சன் ஸ்காட்லாந்து திருச்சபையின் மிஷனரி. 1837இல் சென்னையில் அவர் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1839இல் காஞ்சிபுரத்தில் அதன் கிளை வந்தது.

சென்னைப் பள்ளியில் பறையர் சிறுவர்களும் படிக்கிறார்கள் என்று தெரிந்ததும் சாதி இந்துக்கள் கொதித்தார்கள். அவர்களை வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் தனி பெஞ்சில் உட்காரவைக்க வேண்டும் என்றார்கள். ஆண்டர்சன் இரண்டையும் மறுத்தார். மாணவர்கள் பலர் விலகினார்கள்; அவர் பணியவில்லை. மதமாற்றம் அவர் நோக்கம்தான். ஆனாலும் சாதியைச் சேர்க்கைக்கான தகுதியாக அவர் ஏற்கவில்லை.

இன்று நிலைமை என்ன? 2005ஆம் ஆண்டின் 93ஆவது திருத்தம் தனியார் கல்லூரிகளிலும் இடஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. ஆனால் அதே 15(5) பிரிவு சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. 2014இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இன்னொரு பக்கம், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை; தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள்.

ஆக, சிறுபான்மைக் கல்லூரி நமக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று அரசமைப்பு கட்டாயப்படுத்தவில்லை. அது அந்தக் கல்லூரியின் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது.

தோழர்களே, இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கும்போது மதிப்பெண் தகுதியோடு நிறுத்தாதீர்கள். தலித் மாணவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் எத்தனை இடம் என்று எழுத்தில் கேளுங்கள். ஆண்டர்சனைப் போற்றும் நிறுவனங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.