பருத்தித்துறையில் திரைப்பட முன்னோட்டங்கள்

திரைப்பட முன்னோட்டம் என்பது வெளிவர இருக்கும் படத்தையோ தொலைக்காட்சித் தொடரையோ ஓரிரு நிமிடங்களில் அறிமுகம் செய்யும் விளம்பரத் துண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமுனையான பருத்தித்துறையிலும் அதைச் சூழ்ந்த வடமராட்சியிலும் முன்னோட்டத்துக்குத் தனியான ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டின் கோடியக்கரை கடலுக்கு அக்கரையில்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுப் படங்கள் அந்தக் கடல் வழியே வரவில்லை. சென்னையிலிருந்து கொழும்புக்குப் போய், அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்து, பிறகே நெல்லியடிக்கும் வல்வெட்டித்துறைக்கும் வந்து சேர்ந்தன. படம் வருவதற்கு வெகு முன்பே அதைப் பற்றிய முதல் எண்ணம் ஊரில் உருவாகிவிடும். அந்த எண்ணத்தை உருவாக்கியது பெரும்பாலும் கண் அல்ல, காது. இந்தப் பகுதியின் திரை ரசனையை விளங்கிக்கொள்ள இதைவிடப் பயனுள்ள செய்தி வேறொன்றும் இல்லை.

முன்னோட்டத்தின் பிறப்பிடம் நியூயோர்க். 1913இல் நில்ஸ் கிரான்லண்ட் என்ற விளம்பர அலுவலர், மேடையேற இருந்த இசை நாடகம் ஒன்றின் ஒத்திகையைப் படம்பிடித்து மார்க்கஸ் லோவின் திரையரங்குகளில் காட்டினார். 1919இல் தொடங்கிய நேஷனல் ஸ்கிரீன் சேர்விஸ் நிறுவனம் முன்னோட்டம் தயாரிப்பதைப் பெருந்தொழிலாக்கியது.

படமாளிகைக் காலம்

வடமராட்சியில் நெல்லியடி மகாத்மா, வல்வெட்டித்துறை ரஞ்சனா முதலிய படமாளிகைகள் இருந்தன. யாழ்ப்பாண நகரில் வின்சர், ராஜா, ராணி, மனோகரா, ரீகல், லிடோ, ஸ்ரீதர் எனப் பல. திரையில் முன்னோட்டம் ஓடுவது அக்காலத்தில் அரிது. இடைவேளையில் கண்ணாடி சிலைட்டில் நடிகர்களின் முகமும் ‘விரைவில்’ என்ற ஒரு சொல்லும் விழும். அதைப் பார்த்ததுமே கலரியில் விசிலடி தொடங்கிவிடும்.

படம் மாறும் நாளில் ஒலிபெருக்கி கட்டிய கார் ஒழுங்கைகளில் ஊர்ந்து வரும். பின்னிருக்கையில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நடிகர் பெயர்களை நீட்டி முழக்குவார். ஜன்னல் வழியே நோட்டீஸ் பறக்கும், சிறுவர்கள் அதைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். வாசிகசாலைகளில் விரித்துக் கிடந்த வீரகேசரி, தினகரன், ஈழநாடு பத்திரிகைகளில் படமாளிகை விளம்பரங்கள் வந்தன. அவற்றின் சிறிய கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்துக்கொண்டு கதையை ஊகிப்பது இளைஞர்களின் மாலைநேரப் பொழுதுபோக்கு.

இந்த ஊகத்துக்கு நிறைய நேரம் இருந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அடுத்த ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதுவரை தனியார் நிறுவனங்கள் கையில் இருந்த பட இறக்குமதியும் விநியோகமும் அதனிடம் போயின. வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டால் இந்தியப் படங்கள் குறைந்தன. வந்தவையும் பிந்தி வந்தன. தமிழ்நாட்டு வணிக இதழ்களின் வரத்தும் கட்டுப்படுத்தப்பட்டது. சென்னையில் ஓடி முடிந்து பெட்டிக்குள் போன படம் இங்கே ‘வரப்போகும் படமாக’ ஆண்டுக்கணக்கில் பேசப்பட்டது.

வானொலி முன்னோட்டம்

அந்த இடைவெளியை நிரப்பியது இலங்கை வானொலி. 1950இல் தொடங்கிய அதன் வர்த்தக சேவை, 1967இல் வானொலி கூட்டுத்தாபனமான பிறகும் தமிழ்த் திரைப்பாடல்களால் கடலின் இரு கரையையும் கட்டிப்போட்டிருந்தது. எஸ். பி. மயில்வாகனம் தொடக்கிவைத்த அறிவிப்பு மரபு பி. எச். அப்துல் ஹமீத், கே. எஸ். ராஜா போன்றோரிடம் வளர்ந்தது. திரைப்பட விளம்பரம் என்றால் முதலில் நினைவுக்கு வரும் குரல் கே. எஸ். ராஜாவுடையது. அவர் வழங்கிய ‘திரைவிருந்து’ நிகழ்ச்சியை வடமராட்சியின் முதல் முழுமையான முன்னோட்டம் என்றே சொல்ல வேண்டும்.

அதன் அமைப்பு நுட்பமானது. படத்தின் ஒலித்தடத்திலிருந்து ஒரு வசனம் வரும். அது முடியும் முன் அறிவிப்பாளர் குறுக்கிட்டு ஒரு கேள்வியைப் போடுவார். விடையாக ஒரு பாடலின் பல்லவி. பிறகு அழுகைச் சத்தம், கண்ணாடி உடையும் ஓசை, வில்லனின் சிரிப்பு. கதை முடிச்சு விழுந்த இடத்தில் எல்லாம் நின்றுவிடும். அடுத்து வருவது படமாளிகைகளின் பெயர்கள். காட்சி ஒன்றுகூட இல்லாமல் படம் முழுவதையும் பார்த்துவிட்ட உணர்வை உண்டாக்கும் இந்தக் கலை, இன்று வெட்டி ஒட்டப்படும் பல முன்னோட்டங்களைவிடச் செறிவானது. கேட்பவர் தன் மனத்திலேயே காட்சியை அமைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால் முதல் எண்ணம் அவருக்கே சொந்தமாக இருந்தது. கதாநாயகி எந்த நிறச் சேலை கட்டியிருந்தாள் என்பதைக்கூட ஆளுக்கொரு விதமாக முடிவு செய்துகொண்டுதான் படமாளிகைக்குப் போனார்கள். படம் வந்தபோது வசனம் மனப்பாடமாக இருந்தது. கலரி அதை நடிகருக்கு முந்திச் சொன்னது.

உள்ளூர்ப் படங்களும் இந்தக் காதுவழியில் பயன் பெற்றன. எஸ். ராமதாஸின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ வானொலி நாடகமாகப் புகழ்பெற்று, 1976இல் ‘கோமாளிகள்’ என்ற படமானது. பாத்திரங்களின் குரலும் கேலியும் வீட்டுக்கு வீடு முன்பே பழகியிருந்தன. அந்தப் படத்துக்கு வேறு முன்னோட்டம் தேவைப்படவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1977இல் தர்மசேன பத்திராஜ இயக்கிய ‘பொன்மணி’ யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றைச் சாதியும் சீதனமும் எப்படி நெரிக்கின்றன என்று காட்டிய படம். சத்தம் குறைந்த, நீண்ட பார்வைகளால் ஆன படம். வெளியானபோது அது ஓடவில்லை. மதிப்பு பல ஆண்டுகள் கழித்தே வந்தது. காரணங்கள் பல சொல்லப்படுவதுண்டு. வானொலியில் துண்டு துண்டாகக் கேட்டு ஒரு படத்தை எடைபோடப் பழகியிருந்த மக்களுக்கு, மௌனத்தை நம்பிய படத்திலிருந்து எடுத்துக் கேட்பிக்க அதிகம் இருந்திருக்காது என்பதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். முன்னோட்டத்துக்கு ஏற்ற படம், நல்ல படம் என்ற இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு எங்கள் மண்ணில் இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

கே. எஸ். ராஜா 1989இல் கொல்லப்பட்டார். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் அவரது அறிவிப்பைச் சொல்லிக் காட்டுவார்கள்.

போர்க்காலம்

1980களில் வீடியோ வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, காசு சேர்த்து, விடிய விடிய நாலைந்து படம் போடுவார்கள். வானம் தெளிந்த இரவுகளில் உயரமான அன்ரனாக்களில் தூர்தர்ஷன் படிந்தது. கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்தபின் ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியின் பாடல் காட்சிகள் புதுப்படங்களைக் கண்ணுக்குக் காட்டின. ஆனால் 1987 மே மாத வடமராட்சிப் படையெடுப்பும், 1990இல் மீண்டும் தொடங்கிய போரும் எல்லாவற்றையும் நிறுத்தின. குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்னில் வானொலி கேட்டது ஒரு தலைமுறை. செய்திக்காகச் சுற்றிய அந்தச் சக்கரம், செய்தி முடிந்ததும் ஒரு பாட்டுக்காகவும் சற்று நேரம் சுற்றியது.

ஒரே நிமிடத்தில்

2002இன் போர்நிறுத்தமும் ஏ9 பாதைத் திறப்பும் இறுவட்டுகளைக் கொண்டுவந்தன. 2009க்குப் பிறகு கைப்பேசி இணையம் பரவியது. 2013இல் யாழ்ப்பாண நகரில் திரையரங்குகளும் கொண்ட கார்கில்ஸ் சதுக்கம் திறக்கப்பட்டபின் புதுப்படம் பார்க்கப் பருத்தித்துறை இளைஞர்கள் 750ஆம் இலக்கப் பேருந்தில் அங்கே போகத் தொடங்கினர்.

1996 முதல் இந்தியாவிலிருந்து விலகியிருந்த இலங்கை நேரம், 2006 ஏப்ரலில் மீண்டும் இந்திய நேரத்தோடு ஒன்றானது. கடிகாரங்கள் ஒன்றானது போலவே காத்திருப்பும் மறைந்தது: 2016 மே 1 அன்று ‘கபாலி’ டீசர் சென்னையில் வெளியான அதே நிமிடத்தில் பருத்தித்துறைத் துறைமுகத்தடியிலும் அது ஓடியது. ஆண்டுக்கணக்கான காத்திருப்பு ஒன்றுமில்லாமல் போயிற்று.

தங்களைப் பற்றிய முன்னோட்டம்

பிறருடைய கதைக்கான முன்னோட்டம் வேறு, தன் கதைக்கான முன்னோட்டம் வேறு. ஈழத்தமிழர் பாத்திரங்களாக வரும் படம், தொடர் எதுவானாலும் அதன் முதல் சில விநாடிகளிலேயே இங்கே கவனிக்கப்படுவது பேச்சு. நடிப்பு, ஒளிப்பதிவு எல்லாம் அதற்குப் பிறகுதான். ‘வாறன்’, ‘போறன்’ என்பது சரியாக விழுகிறதா, ‘ஓம்’ என்பது இயல்பாக வருகிறதா, வாக்கிய இறுதியில் குரல் யாழ்ப்பாணத்துக்கு உரிய விதத்தில் எழுந்து தாழ்கிறதா என்று காது தேடும். 2000இல் வந்த ‘தெனாலி’யில் கமல்ஹாசன் பேசிய யாழ்ப்பாணத் தமிழ் தமிழ்நாட்டில் பெரிதும் ரசிக்கப்பட்டது. அதே பேச்சு நகைச்சுவைக்கான பொருளாகிவிட்டதே என்ற வருத்தம் இங்கே இருந்தது. அந்த வருத்தம் நியாயமானது. போரில் எல்லாம் போன பிறகும் கையில் மிஞ்சியிருந்த சொத்து அந்தப் பேச்சுத்தான்.

இணையத் தொடர் ஒன்றின் முன்னோட்டம் ஓர் அரசியல் விவகாரமே ஆனது. ராஜ், டிகே இயக்கிய ‘தி ஃபேமிலி மேன்’ இரண்டாம் பருவத்தின் முன்னோட்டம் 2021 மே 19 அன்று வெளியானது. போரின் இறுதியில் உயிரிழந்தோரை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் நாளுக்கு மறுநாள் அது. வல்லிபுரத்திலும் வல்வெட்டித்துறையிலும் வீட்டுக்குள் ஏற்றிய விளக்கின் திரி கருகிய மறுநாள், சீருடையில் சமந்தா நடித்த ராஜி என்ற ஈழப் போராளிப் பாத்திரம் கைப்பேசியில் வந்தது. எதிர்ப்பு உடனே கிளம்பியது. தமிழ்நாட்டின் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் மனோ தங்கராஜ் மே 24 அன்று ஒன்றிய அமைச்சர் பிரகாஷ் ஜவடேக்கருக்குக் கடிதம் எழுதித் தொடரைத் தடைசெய்யக் கோரினார். 2020 நவம்பரில் வந்த விதித் திருத்தம் இணையத் தொடர்களை அவரது அமைச்சின் கீழ் கொண்டுவந்திருந்தது. முன்னோட்டத்தின் சில காட்சிகளை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம், முழுத் தொடரையும் பாருங்கள் என்று இயக்குநர்கள் கேட்டுக்கொண்டனர். ஜூன் 4 அன்று தொடர் வெளியானது.

அந்த வேண்டுகோளில் ஓரளவு நியாயம் உண்டு. முன்னோட்டம் முழுமை அல்ல. ஆனால் எந்தக் காட்சியை எடுத்து முன்னே வைப்பது என்று தெரிவுசெய்தவர்கள் தயாரிப்பாளர்களே. தாங்களே தேர்ந்தெடுத்த காட்சிகளைப் பார்த்து மக்கள் முடிவுக்கு வருவதை அவர்கள் குறைசொல்ல முடியாது. அந்நாள்களில் வடமராட்சியில் எழுந்த கேள்வி தடையைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. ஈழத்துப் பெண்ணாக வருபவர் பேசுவது எந்த ஊர்த் தமிழ் என்றும் கேட்டார்கள். பேச்சைக் கற்றுக்கொள்ள நேரம் ஒதுக்காதவர்கள் வாழ்க்கையைக் கற்க எவ்வளவு நேரம் ஒதுக்கியிருப்பார்கள் என்பதே அதன் உள்ளர்த்தம்.

கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனின் வாழ்க்கைப் படமான ‘800’ மீதான எதிர்ப்புக்கு முன்னோட்டம்கூடத் தேவைப்படவில்லை. 2020 ஒக்டோபர் 13 அன்று விஜய் சேதுபதி முரளியாகத் தோன்றிய அசையும் சுவரொட்டி வெளியானது. போர் முடிவு குறித்து முரளி முன்பு தெரிவித்த கருத்துகளைச் சுட்டித் தமிழ்நாட்டில் எதிர்ப்பு வலுத்தது. ஒரு வாரத்துக்குள், முரளியே கேட்டுக்கொண்டதன் பேரில், நடிகர் விலகினார். பின்னர் மதுர் மிட்டல் நடித்து, 2023 செப்டெம்பரில் முன்னோட்டமும் ஒக்டோபரில் படமும் வந்தன. கிரிக்கெட்டை உயிராக நேசிக்கும் பருத்தித்துறையில் இதைப் பற்றி ஒரே கருத்து இருக்கவில்லை. மருதங்கேணியில் 2017 முதல் தெருவோரத்தில் இருந்து காணாமற்போன பிள்ளைகளைக் கேட்ட தாய்மாரின் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சுவரொட்டி வலித்தது. மலையகத் தமிழன் ஒருவன் உலகை வென்ற கதை என்று பார்த்தவர்களும் இருந்தார்கள். இருவரும் ஒரே வீட்டில் இருந்ததும் உண்டு.

2025 மே 1 அன்று வெளியான, அபிஷன் ஜீவிந்த் இயக்கிய ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ இந்த வரிசையில் வேறுபட்டது. இலங்கையிலிருந்து படகேறிப் போன குடும்பம் தன் பேச்சை மறைக்கச் சொல்லப்படுவதே அதன் கதையில் ஒரு முக்கிய முடிச்சு. சசிகுமாரும் சிம்ரனும் பேசிய தமிழில் குறை கண்டவர்கள் இருந்தாலும், இம்முறை சிரிப்பு அந்தப் பேச்சின் மீது விழவில்லை என்பதைக் கவனித்துச் சொன்னார்கள்.

இப்போது குடாநாட்டு இளைஞர்கள் தாங்களே குறும்படம், பாடற்காணொளி எடுத்து முன்னோட்டம் வெளியிடுகிறார்கள். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழா அவர்களுக்கு உலகப் படங்களைப் பார்க்கும் வாய்ப்பைத் தந்திருக்கிறது. அவர்களின் முன்னோட்டங்கள் பலவற்றில் படத்தொகுப்பும் இடி போன்ற இசையும் சென்னையைப் பின்பற்றியே இருக்கின்றன. ஆனால் வசனம் மட்டும் ஊர்த் தமிழில் தயக்கமின்றி வருகிறது.